ஊர்க் காசுல ஆன்லைன் கோர்ஸ் வாங்கப் போற பெரியவகளுக்கு ஒரு திறந்த மடல்

விசைப்படகு சங்கம், நாட்டுப்படகு சங்கம், பங்குப் பேரவை, ஜமாத், கிராமக் கமிட்டின்னு பேரு எதுவா இருந்தாலும் சரி, மண்டபம், பாம்பன், தங்கச்சிமடம், ராமேஸ்வரம், அங்கிட்டு கீழக்கரை, ஏர்வாடி, இங்கிட்டு தேவிபட்டினம், தொண்டி வரைக்கும் ஊர்ப் பொதுக் காசுல பிள்ளைக படிப்புக்குன்னு ஒரு தொகைய ஒதுக்கி வைக்கிற எல்லா மாமாமாருக்கும் அண்ணன்மாருக்கும் சாச்சாமாருக்கும் வணக்கம், சலாம், தோத்திரம்.

மீன்பிடித் தடைக்காலம். படகு பூரா கரையில நிக்குது, எல்லாரும் ஊர்ல இருக்கீக, அதனால கூட்டத்துக்கு மேல கூட்டம் நடக்குது. அப்படி நடந்த கூட்டத்துக்கு ஒரு கம்பெனிக்காரத் தம்பி புரொஜெக்டர தூக்கிட்டு வந்து, இனிமே எல்லாப் படிப்பும் ஆன்லைன்தான், பிளஸ் டூ முடிச்ச பிள்ளை, காலேஜ் படிக்கிற பிள்ளை எல்லாருக்கும் சேத்து ஒரே பேக்கேஜா ஏஐ, டேட்டா சயின்ஸ், டிஜிட்டல் மார்க்கெட்டிங்னு மூணு கோர்ஸ் தர்றோம், இன்டர்நேஷனல் யுனிவர்சிட்டி சர்டிபிகேட்டு, ஊர்ல மொத்தமா சேந்தா தலைக்கு இம்புட்டு குறையும்னு பேசிட்டுப் போயிருக்காரு. சில ஊர்ல கைதட்டுனதோட விட்டாக. சில ஊர்ல அட்வான்ஸே கொடுத்துட்டாக. இன்னும் சில ஊர்ல அடுத்த கூட்டத்துல முடிவு பண்றோம்னு வச்சிருக்கீக. அந்த முடிவுக்கு முன்னாடி இத ஒரு தடவ படிச்சிருங்கன்னுதான் எழுதுறேன்.

நான் யாருன்னா, பாம்பன் ரோட்டுல ப்ரௌசிங் சென்டர் வச்சிருக்கவ. வீட்டுக்காரர் விசைப்படகுல டிரைவரு. உங்க வீட்டுப் பிள்ளைக ஸ்காலர்ஷிப் போடுறது, ஹால் டிக்கெட் எடுக்கிறது, கவுன்சிலிங்குக்கு காலேஜ் சாய்ஸ் கொடுக்கிறது பாதிக்கு மேல என் கடையிலதான். நான் வாத்தியார் இல்ல. ஆனா எந்தப் பிள்ளை எந்தக் கோர்ஸுக்குப் பேர் கொடுத்துச்சு, எந்த வாரத்துல விட்டுச்சு, எதனால விட்டுச்சுங்கிறது என் கம்ப்யூட்டர் முன்னாடிதான் நடக்குது.

நேரா சொல்லிர்றேன். அந்தப் பேக்கேஜ வாங்காதீக. ஆன்லைன் படிப்பு மோசம்னு சொல்லல, அதுல நல்லாப் படிச்சு மேல வந்த பிள்ளைக நம்ம ஊர்லயே இருக்கு. கோர்ஸுக்கு காசு தேவையே இல்லங்கிறதுதான் சங்கதி. கோர்ஸச் சுத்தி இருக்கிற மத்த விஷயத்துக்குத்தான் காசு இல்லாம நம்ம பிள்ளைக விழுதுக, அந்தக் காச ஒருத்தனும் ஒதுக்கல.

முதல்ல என்ன சும்மா கிடைக்குதுன்னு பாத்துருவோம். மத்திய அரசோட ஸ்வயம்னு ஒரு தளம் இருக்கு, 2017 ஜூலை 9-ல ஆரம்பிச்சது. அதுக்கும் முன்னாடி 2003-லயே ஐஐடிகளும் பெங்களூர் ஐஐஎஸ்சியும் சேந்து என்பிடெல்னு ஒன்ன ஆரம்பிச்சாக, 2014-ல இருந்து அதுல பரீட்சை வச்சு சர்டிபிகேட்டும் கொடுக்கிறாக, இப்ப அது ஸ்வயத்துக்குள்ளயே இருக்கு. இதுல பேர் கொடுக்கக் காசு இல்ல, வீடியோ பாக்கக் காசு இல்ல, வாராவாரம் அசைன்மென்ட் போடக் காசு இல்ல. கடைசியில நேருல போயி பரீட்சை எழுதி சர்டிபிகேட் வேணும்னா மட்டும் ஒரு கோர்ஸுக்கு ஆயிரம் ரூபா வாக்குல கட்டணும், அதுலயும் எஸ்சி, எஸ்டி, மாற்றுத்திறனாளிப் பிள்ளைகளுக்கு சலுகை உண்டு. ஐஐடி வாத்தியார் சொல்லிக் கொடுக்கிற பாடம், பரீட்சையும் அவுகதான் வைக்கிறாக. அந்தக் கம்பெனித் தம்பி தலைக்கு சொன்ன ரேட்டையும் இதையும் நீங்களே பக்கத்துல பக்கத்துல எழுதிப் பாருங்க.

இது போக நம்ம மாநில அரசோட நான் முதல்வன் இருக்கு, 2022 மார்ச் 1-ல ஆரம்பிச்சது, காலேஜ் பிள்ளைகளுக்கு அவுக காலேஜ் வழியாவே திறன் கோர்ஸ் வருது, அதுக்கும் காசு இல்ல. அமெரிக்காவுல எம்ஐடின்னு பெரிய யுனிவர்சிட்டி தன்னோட பாடங்கள நெட்டுல சும்மாவே போட்டு வச்சிருக்கு, சர்டிபிகேட் வராது, அறிவு வரும். கோர்செரா மாதிரி காசு கேக்குற தளத்துல கூட, குடும்ப நிலைமைய எழுதிக் கொடுத்து நிதி உதவி கேக்க ஒரு பட்டன் இருக்கு, அத அமுக்குறதுக்குத்தான் ஆளில்ல.

அப்ப எல்லாம் சும்மா கிடைக்குதுன்னா பிள்ளைக ஏன் படிக்கலன்னு கேப்பீக. நியாயமான கேள்வி.

ஓடிபியில இருந்து ஆரம்பிக்கிறேன். சிரிக்காதீக. படிச்ச பாடத்துக்கு வர்ற மதிப்புப் புள்ளிய, அதாவது கிரெடிட்ட, சேத்து வைக்கிற கணக்குக்கான ஏபிசி ஐடி, 2024-ல இருந்து ஆன்லைன் டிகிரிக்கும் தொலைநிலைப் படிப்புக்கும் கட்டாயமாக்கியிருக்கிற டெப் ஐடி, இதெல்லாம் ஆதார வச்சுத்தான் எடுக்கணும். ஆதார்ல இருக்கிற நம்பர் அத்தாவோடது, இல்லன்னா அப்பாவோடது. திங்க, புதன், சனி டோக்கன் போட்டு விசைப்படகு கிளம்புச்சுன்னா போனும் அவரோட கடலுக்குப் போயிருது, கொஞ்ச தூரம் தாண்டுனா சிக்னல் கிடையாது, மறுநாள் காலையிலதான் கரை. இங்க என் கடையில பிள்ளை உக்காந்து ஓடிபி அனுப்பு ஓடிபி அனுப்புன்னு அமுக்கிட்டு இருக்கும். ஓடிபிக்கு உசுரு சில நிமிஷந்தான். கடைசி தேதி சனிக்கிழமையா இருந்து, அன்னைக்கு அப்பா கடலுக்குப் போயிட்டா அந்தத் தடவை போச்சு. நம்பர மாத்த ஆதார் சென்டருக்குப் போனா, அங்க டோக்கன் வாங்க காலையிலயே போயி நிக்கணும். இதுக்கு எந்தப் பேக்கேஜ்லயும் வழி சொல்லல பாருங்க.

அடுத்து பேரு. பத்தாவது மார்க் ஷீட்டுல இனிஷியல் பின்னாடி இருக்கும், ஆதார்ல அப்பா பேரு முழுசா இருக்கும், பேங்க் பாஸ்புக்குல இங்கிலீஷ் ஸ்பெல்லிங் வேற மாதிரி இருக்கும். ஒரு பொண்ணு, கெட்டிக்காரப் பொண்ணு, அம்மா கடல்பாசி எடுக்கப் போறவுக, 12 வாரக் கோர்ஸ விடாம பாத்து எல்லா அசைன்மென்ட்டும் போட்டு பரீட்சைக்குப் பணமும் கட்டிருச்சு. ஹால் டிக்கெட்ட நான் பிரிண்ட் போட்டுக் கையில கொடுக்கையில பாத்தா, கோர்ஸ்ல பேர் கொடுக்கிறப்ப வீட்டுல கூப்புடுற பேர போட்டு வச்சிருக்கு! கூட ஒரு அடையாள அட்டை கொண்டு போகணும், அதுல வேற பேரு. அந்த வாரம் பூரா மெயில் மேல மெயில் அனுப்பி சரி பண்ணோம், பரீட்சையும் எழுதிருச்சு. பேர் கொடுக்கிற அன்னைக்கு பக்கத்துல ஒரு ஆளு உக்காந்து ஆதாரையும் மார்க் ஷீட்டையும் வச்சுப் பாத்திருந்தா அஞ்சு நிமிஷ வேலை.

மூணாவதுதான் பெரிய விஷயம், பரீட்சை எழுதப் போறது. இந்த சர்டிபிகேட்டுக்கு மதிப்பு வர்றதே நேருல போயி எழுதுறதாலதான். என்பிடெல் கோர்ஸுல நூத்துக்கு 25 மார்க் வாராவார அசைன்மென்ட்டுல வரும், மீதி 75 பரீட்சையில. பாஸாக அசைன்மென்ட்டுல 25-க்கு 10, பரீட்சையில 75-க்கு 30, ரெண்டுமே வேணும், ஒன்னுல நிறைய எடுத்து இன்னொன்ன ஈடு கட்ட முடியாது. எந்த ஊர்ல எழுதணும்னு பதியுறப்பவே கேப்பாக, நம்ம பிள்ளைக பெரும்பாலும் மதுரை போடுதுக. காலைப் பரீட்சை 9 மணிக்கு. தங்கச்சிமடத்துல இருந்து மதுரைக்கு பஸ்ஸுல நாலு மணி நேரம் வச்சுக்கங்க, அதுக்கப்புறம் சென்டர் ஊருக்கு வெளிய எங்கயாச்சும் இஞ்சினியரிங் காலேஜா இருக்கும். அப்ப ராத்திரி ரெண்டரை மணிக்கு ரோட்டுல நிக்கணும், இல்ல முந்துன நாளே போயி தங்கணும். பையன் எப்படியோ போயிருவான். பொம்பளப் பிள்ளைய யாரு கூட்டிட்டுப் போறது? கூட ஒரு ஆளுக்கு பஸ் காசு, சாப்பாடு, அன்னைக்குக் கூலி போகும். ஆயிரம் ரூபா பரீட்சைக் காச எப்படியோ புரட்டிருதுக, இந்தப் பயணச் செலவு ரெண்டாயிரத்துல நிக்குதுக. பணம் கட்டிட்டு பரீட்சைக்குப் போகாம விட்ட பிள்ளைகள நான் பாத்திருக்கேன், அதுல முக்காவாசி பொம்பளப் பிள்ளைகதான்.

இதுல ஒரு சங்கதி சொல்றேன், கமிட்டியில யாரும் யோசிச்சிருக்க மாட்டீக. ஸ்வயம் கோர்ஸ் வருஷத்துக்கு ரெண்டு ஓட்டம், ஜனவரியில ஒன்னு, ஜூலையில ஒன்னு. ஜனவரியில சேந்தா 12 வாரக் கோர்ஸுக்கு பரீட்சை ஏப்ரல் கடைசி வாக்குல வரும். ஏப்ரல் 15-ல தடைக்காலம் ஆரம்பிச்சிருமா, அப்பா வீட்டுல இருப்பாரு, போனும் வீட்டுல இருக்கும், கூட்டிட்டுப் போகவும் ஆள் இருக்கும். கையில காசு மட்டும் இருக்காது, தடைக்கால நிவாரணம் 8000 ரூபா வந்தாலும் கடனுக்குப் போயிரும். ஜூலையில சேந்தா பரீட்சை அக்டோபர் கடைசி, நவம்பர் வாக்குல வரும். அப்ப நம்ம பக்கம் மழையும் புயல் கூண்டும், எந்த பஸ் ஓடும் எது ஓடாதுன்னு தெரியாது. அதனால பொம்பளப் பிள்ளைகளுக்கு, முதத் தடவை எழுதுற பிள்ளைகளுக்கு ஜனவரி ஓட்டம் தோதுன்னு நான் சொல்லிட்டு வர்றேன். ஜூலையில 4 வாரம், 8 வாரக் கோர்ஸா எடுத்தா பரீட்சை மழைக்கு முன்னாடியே முடியலாம், தேதிய அந்தந்தக் கோர்ஸ் பக்கத்துல பாத்துக்கணும்.

இப்ப எந்தக் கோர்ஸ எடுக்கிறதுங்கிற விஷயத்துக்கு வர்றேன். பேக்கேஜோட பெரிய கோளாறே இங்கதான் இருக்கு. எல்லாருக்கும் ஒரே மூணு கோர்ஸாம். பி.காம். படிக்கிறவளுக்கும் டேட்டா சயின்ஸ், ஐடிஐ டீசல் மெக்கானிக் முடிச்சவனுக்கும் டேட்டா சயின்ஸ், பத்தாவதுல கணக்கு தத்தித் தத்திப் பாஸானவனுக்கும் டேட்டா சயின்ஸ். எல்லா வலைக்கும் ஒரே கண்ணியளவு போட முடியுமா மாமா, உங்களுக்குத் தெரியாததா.

என் கடைக்கு வர்ற பிள்ளை "அக்கா ஏதாச்சும் கம்ப்யூட்டர் கோர்ஸ் போட்டு விடுங்க"ன்னுதான் ஆரம்பிக்கும். நான் உடனே போட மாட்டேன். கோர்ஸ் பக்கத்த திறந்து ரெண்டு விஷயத்த வாய் விட்டுப் படிக்கச் சொல்லுவேன், இந்தக் கோர்ஸ் யாருக்கு, இதுக்கு முன்னாடி என்ன தெரிஞ்சிருக்கணும், இது ரெண்டும் அங்கயே எழுதி இருக்கும், ஒருத்தரும் படிக்கிறதில்ல. அப்புறம் வாராவாரம் என்ன பாடம்னு ஒரு பட்டியல் இருக்கும், அதுல மூணாவது வாரத்துப் பாடம் ஒன்ன யூடியூப்ல போட்டு விடுவேன். முதல் வாரம் எல்லாக் கோர்ஸும் இனிக்கும், மூணாவது வாரத்துலதான் வாத்தியாரு யாருன்னு தெரியும். இங்கிலீஷ் வேகமா போனா வேகத்த முக்காலா குறைச்சு வைக்கலாம், சில கோர்ஸுக்கு பாடத்தோட எழுத்து வடிவம் தமிழ்லயும் கிடைக்குது, அதையும் தேடிப் பாக்கணும். பத்து நிமிஷம் பாத்துட்டு புரியுதான்னு கேப்பேன். "புரியுது அக்கா"ன்னு எல்லாப் பிள்ளையும் சொல்லும். என்ன புரிஞ்சுச்சு எனக்குச் சொல்லுன்னா பாதிப் பிள்ளை சிரிக்கும். சொல்ற பிள்ளைக்கு அந்தக் கோர்ஸு, சிரிக்கிற பிள்ளைக்கு வேற பாப்போம். எனக்கே பல பாடம் புரியாது, அது வேற விஷயம், அந்தப் பிள்ளை கண்ணு எங்க போகுதுன்னு பாத்தா தெரிஞ்சிரும்.

பரீட்சைக்குப் பணத்த முதல் நாளே கட்ட வேண்டியதில்ல. கோர்ஸ் ஆரம்பிச்சு சில வாரம் வரைக்கும் பரீட்சைப் பதிவு திறந்திருக்கும். அதுக்குள்ள வந்த அசைன்மென்ட்ட எல்லாம் பிள்ளை போட்டுச்சான்னு பாத்துட்டு கட்டுனா போதும், போடலன்னா காசு மிச்சம். வாரத்துக்கு ரெண்டரை மணி நேர வீடியோ, அதுக்கு மேல அசைன்மென்ட், காலேஜும் போயிட்டு இருக்கிற பிள்ளைக்கு ஒரே நேரத்துல ஒரு கோர்ஸ், மிஞ்சிப் போனா ரெண்டு. பேக்கேஜ்ல மூணு சேத்துக் கொடுக்கிறாகன்னா அத முடிப்பாகன்னு அவுகளுக்கே நம்பிக்கை இல்லன்னு அர்த்தம்.

காலேஜ் பிள்ளைக இன்னொன்னும் பாக்கணும். யுனிவர்சிட்டிகளுக்கு விதி போடுற யுஜிசி 2021-ல போட்ட விதிப்படி ஒரு செமஸ்டர்ல 40% வரைக்கும் பாடத்த ஸ்வயத்துல படிச்சு கிரெடிட்டா எடுத்துக்கலாம். படிச்சா காலேஜ்ல ஒரு பேப்பர் குறையும்னு பிள்ளைக நம்பிப் போகுதுக. ஆனா எந்தக் கோர்ஸ எந்தப் பேப்பருக்கு ஏத்துக்கிறோம்னு சொல்ல வேண்டியது காலேஜ். சேர்றதுக்கு முன்னாடியே துறைத் தலைவர்கிட்ட கேட்டு எழுதி வாங்கிறணும். முடிச்சிட்டு சர்டிபிகேட்டோட போயி நின்னா "இது நம்ம லிஸ்ட்ல இல்லையேம்மா"ன்னு சொல்லிருவாக, அங்க நின்னு அழுது பிரயோசனம் இல்ல.

டிகிரியே ஆன்லைன்ல படிக்கணும்னு வர்ற பிள்ளைகளும் உண்டு, கல்யாணமாகிப் போன பொண்ணுக, தொழிலுக்குப் போயிக்கிட்டே படிக்கணும்னு நினைக்கிற பையனுக. அதுக்கும் நல்ல வழி இருக்கு. காரைக்குடி அழகப்பா யுனிவர்சிட்டி, தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகம், இக்னோ எல்லாம் தொலைநிலையில டிகிரி கொடுக்குதுக. சென்னை ஐஐடி 2020-ல ஆரம்பிச்ச டேட்டா சயின்ஸ் டிகிரிக்கு ஜேஇஇ நுழைவுத் தேர்வு வேண்டாம், பிளஸ் டூவுல எந்த குரூப்னாலும் சரி, பத்தாவதுல கணக்கும் இங்கிலீஷும் படிச்சிருக்கணும். நாலு வாரம் பாடம் நடத்தி அதுலயே நேருல ஒரு பரீட்சை வைப்பாக, தேறுனா உள்ள. பாதியில நின்னாலும் முடிச்ச வரைக்கும் சர்டிபிகேட், டிப்ளமோன்னு வாங்கிட்டு வெளிய வரலாம், அது நம்ம பிள்ளைகளுக்கு ரொம்ப முக்கியம். முழுசா முடிக்க லட்சக் கணக்குல ஆகும்தான், ஆனா சாதி, குடும்ப வருமானம், மாற்றுத்திறன பொறுத்து 75% வரைக்கும் குறைப்பாக. வருமானத்த வச்சு கிடைக்கிற குறைப்பு வருமானச் சான்றிதழ் இல்லாம வராது, அதையும் யாராச்சும் முன்னாடியே எடுத்து வைக்கணும்ல.

யாரு ஆன்லைன் டிகிரின்னு சொன்னாலும் யுஜிசியோட தொலைநிலைக் கல்விப் பிரிவு வெப்சைட்டுல அந்த யுனிவர்சிட்டி பேரும் அந்தப் படிப்பு பேரும் அந்த வருஷத்துக்கு இருக்கான்னு பாக்கணும், யுனிவர்சிட்டி பேரு மட்டும் இருந்தா பத்தாது. இஞ்சினியரிங், நர்சிங், பிசியோதெரபி, பார்மசி, சட்டம் இதெல்லாம் ஆன்லைன்ல டிகிரியா கொடுக்கவே யுஜிசி அனுமதி கிடையாது. போன வருஷம் நம்ம பக்கத்துலயே ஆன்லைன் நர்சிங்னு ஒருத்தர் பிள்ளை பிடிச்சிட்டுத் திரிஞ்சாரு, பேர் வேண்டாம். யுனிவர்சிட்டிகள் கம்பெனிகளோட ஃபிரான்சைஸ், அதாவது தன் பேர்ல நடத்த விடுற ஒப்பந்தம், போட்டுக்கிட்டு ஆன்லைன் படிப்பு நடத்துறதும் கூடாதுன்னு யுஜிசி 2022-லயே அறிவிச்சிருச்சு. உங்க கூட்டத்துல புரொஜெக்டர் போட்ட தம்பிகிட்ட நான் கேட்டது ஒன்னே ஒன்னுதான், "இன்டர்நேஷனல் யுனிவர்சிட்டின்னீகளே, எந்த ஊர்ல எந்த யுனிவர்சிட்டி?" அதுக்கு அவரு அடுத்த ஸ்லைடுக்குப் போயிட்டாரு.

ஐடி ஐடின்னு எல்லாரும் ஒரே பக்கம் ஓடுறதும் எனக்குப் பிடிக்கல. நம்ம ஏரியாவுல என்ன வேலை இருக்கு? மீன் கம்பெனியில கணக்குப் பாக்க ஜிஎஸ்டியும் டேலியும் தெரிஞ்ச ஆள் வேணும், ஏற்றுமதி பண்ற இடத்துல உணவுப் பாதுகாப்பு, தரக் கட்டுப்பாடு தெரிஞ்ச ஆள் வேணும், கமுதிப் பக்கம் சோலார் வந்திருக்கு. டேராடூன்ல இருக்கிற இஸ்ரோவோட ஐஐஆர்எஸ் செயற்கைக்கோள் படத்த வாசிக்கிறது, மேப் போடுறதுன்னு ஆன்லைன்ல கோர்ஸ் நடத்துது, அதுக்கும் காசு இல்ல. மீன் எங்க கூடும்னு ஹைதராபாத்ல இருக்கிற கடல் தகவல் மையம் இன்காய்ஸ்ல இருந்து நமக்கு வர்ற தகவல் இருக்குல்ல, அது செயற்கைக்கோள் படத்த வச்சு கடலோட சூட்டையும் நிறத்தையும் பாத்துத்தான் சொல்றாக. அந்தக் கணக்கு எப்படின்னு நம்ம பிள்ளை ஒன்னுக்காச்சும் தெரிய வேண்டாமா? ஒரு பையன் அந்தக் கோர்ஸ படிச்சிட்டு, கியூஜிஐஎஸ்னு காசில்லாத சாப்ட்வேர் ஒன்னுல நம்ம கரையோட பழைய படத்தையும் புதுப் படத்தையும் மேல மேல வச்சு, கடல் எங்க உள்ள ஏறி வந்திருக்குன்னு என் கடை கம்ப்யூட்டர்லயே போட்டுக் காட்டுனான். மெதுவான கம்ப்யூட்டரு, ஒரு படம் திறக்க டீ குடிச்சிட்டு வரலாம். ஆனா இன்டர்வியூக்கு அவன் கொண்டு போனது சர்டிபிகேட்ட இல்ல, அந்தப் படத்தத்தான்.

அதுக்காக கடற்கரைப் பிள்ளைன்னா கடல் கோர்ஸ்தான் படிக்கணும்னு சொல்லல. அப்படிச் சொல்றவுக மேல எனக்குக் கோவம் வரும். கடல விட்டுப் போகணும்னு நினைக்கிற பிள்ளை போகட்டும், அதுக்கும் கோர்ஸ் இருக்கு. எந்த வேலைக்குப் போகணும்னு முதல்ல கேட்டுட்டு, அந்த வேலையில இருக்கிற ஒரு ஆளுகிட்ட பேச வச்சிட்டு, அப்புறம் கோர்ஸ தேடணும். கீழக்கரை, பெரியபட்டினம் பக்கம் எம்புட்டு பேரு துபாய்லயும் சவுதியிலயும் ஆபீஸ் வேலை பாக்குறாக, வெள்ளிக்கிழமை ஒரு அரை மணி நேரம் வீடியோ கால்ல வந்து எங்க கம்பெனியில ஆள் எடுக்கிறப்ப என்ன கேக்குறாகன்னு சொன்னா, அது அந்தப் புரொஜெக்டர் காட்டுனத விடப் பெருசு. ஜமாத் கூப்புட்டா மாட்டேன்னா சொல்லப் போறாக?

அப்ப ஊர்க் காச என்ன பண்றது, நான் கேக்குறது இம்புட்டுதான். சமுதாயக் கூடத்துலயோ கோயில், பள்ளிவாசல், சர்ச் பக்கத்து ரூம்லயோ பழைய டெஸ்க்டாப் நாலஞ்சு, ஒரு பிராட்பேண்ட் லைன், கரண்ட் போனா தாங்குற ஒரு பேட்டரி. சாயங்காலம் ஆறுல இருந்து ஒன்பது வரைக்கும் திறந்து வைக்கணும், பொம்பளப் பிள்ளைக வந்து போறதுக்குத் தோதான இடமா இருக்கணும். என் கடைக்குப் பொழப்பு போயிரும்னு வீட்டுக்காரரே திட்டுனாரு, போகட்டும், பிரிண்ட்டுக்கு எங்கிட்டதானே வரணும். மூணு பேருக்கு ஒரு போன், அதுலயும் அண்ணன் கேம் விளையாடுறான்ங்கிற வீட்டுல 12 வாரம் எப்படிப் படிக்கும் சொல்லுங்க.

அங்க ஒரு ஆள உக்கார வைக்கணும், படிச்சு முடிச்சிட்டு வேலைக்குக் காத்திருக்கிற நம்ம ஊர் பிள்ளையே போதும், மாசம் ஏதோ ஒரு சம்பளம். பாடம் நடத்த வேண்டாம். யாரு எந்த வாரத்துல நிக்குதுன்னு ஒரு நோட்டுல எழுதணும், ரெண்டு வாரம் அசைன்மென்ட் போடலன்னா வீட்டுக்குப் போயி ஏன்னு கேக்கணும், ஆதார், மார்க் ஷீட் பேரு ஒத்துப் போகுதான்னு பாக்கணும், அம்மா நம்பர ஆதார்ல ஏத்தி விடணும்.

மீதிக் காசு பரீட்சைக் கட்டணத்துக்கும் மதுரைப் பயணத்துக்கும். மொத்தமா ஒரு வேன் பேசி, கூட ரெண்டு அம்மாமார அனுப்புனா எந்த வீட்டுலயும் பொண்ண விட மாட்டேன்னு சொல்ல மாட்டாக. பாஸானாத்தான் காசு திருப்பித் தருவோம்னு மட்டும் வைக்காதீக. பரீட்சை எழுதிட்டு வந்தா காசு, அம்புட்டுத்தான். பாஸானாத்தான்னு வச்சா லேசான கோர்ஸா தேடிப் போயி எடுத்துருதுக, கஷ்டமானத எடுக்கிற பிள்ளை தண்டனை வாங்குன மாதிரி ஆயிரும். இதுல கமிட்டியில சண்டை வரும்னு தெரியும், ஏற்கனவே எங்க வீட்டுலயே வந்துச்சு.

ஸ்வயத்துல ஜூலை ஓட்டத்துக்கு பேர் கொடுக்கிறது சீக்கிரம் முடிஞ்சிரும். ஜூன் 14 தாண்டி படகு இறங்கிட்டா உங்கள்ல ஒருத்தரையும் பிடிக்க முடியாது, அதனால தடைக்காலம் முடியுறதுக்குள்ளயே கூட்டத்த போடுங்க. பிள்ளைகளையும் கூப்புடுங்க, அவுக படிப்ப பத்தின கூட்டத்துல அவுக இல்லாம நாம மட்டும் கைதட்டிட்டு வரக் கூடாது. நானும் லேப்டாப்போட வர்றேன், யுஜிசி பட்டியல, ஸ்வயம் பக்கத்த எல்லார் முன்னாடியும் திறந்து காட்டுறேன். அட்வான்ஸ் கொடுத்த ஊர்க்காரக அந்த ரசீதையும் கையெழுத்துப் போட்ட பேப்பரையும் மறக்காம எடுத்துட்டு வாங்க, அதுல இ.எம்.ஐ.னு ஒரு வரி இருக்கான்னும், இருந்தா அந்தக் கடன், சங்கத்து பேர்லயா பிள்ளை பேர்லயான்னும் பாக்கணும்.

இப்படிக்கு,
பாம்பன் ரோட்டு ப்ரௌசிங் சென்டர் அக்கா